ஹுத்ஹுதின் விளக்கம்: பல்கலைக்கழகத்தின் உரிமையும் பொறுப்பும்

க.பொ.த. உயர்தரப் பெறுபேறுகள் வெளியாகி வெட்டுப்புள்ளிகளும் அறிவிக்கப்பட்டதும், எமது மாணவிகள் என்னிடம் பல கேள்விகளோடு வருவார்கள். எந்தப் பல்கலைக்கழகம் நல்லது, விடுதி கிடைக்குமா, மகாபொல எப்போது வரும், பகிடிவதை இருக்குமா என்பனவே பெரும்பாலும் அக்கேள்விகள். அரசியல் விஞ்ஞானம் கற்பிக்கும் ஆசிரியை என்ற வகையில் நான் எதிர்பார்க்கும் ஒரு கேள்வி மட்டும் அரிதாகவே வருகிறது. நான் அங்கு போனதும் அந்தப் பல்கலைக்கழகம் என்னிடமிருந்து எதைக் கேட்கலாம்? அது எனக்கு எதைத் தரக் கடமைப்பட்டிருக்கிறது?

பாடசாலையில் பிள்ளைக்காகப் பேசப் பெற்றோர் இருக்கிறார்கள், வகுப்பாசிரியை இருக்கிறார். பல்கலைக்கழகத்தில் அவள் தானே பேச வேண்டும். எனவே அங்கு போவதற்கு முன்னரே தெரிந்துகொள்ள வேண்டிய சில விடயங்களை இக்கட்டுரையில் தொகுத்துத் தர விரும்புகிறேன்.

அமானிதமாகத் தரப்பட்ட அதிகாரம்

அல்குர்ஆனில் ஸூரா அந்நம்லில் வரும் ஒரு சம்பவத்தை நீங்கள் சிறு வயது முதலே அறிவீர்கள். ஸுலைமான் (அலை) அவர்கள் பறவைகளைப் பரிசீலிக்கிறார்கள். ஹுத்ஹுத் பறவையைக் காணவில்லை. அதைக் கடுமையாகத் தண்டிப்பேன் அல்லது அறுத்துவிடுவேன் என்கிறார்கள். ஆனால் அத்துடன் ஒரு நிபந்தனையையும் சேர்க்கிறார்கள். அது தெளிவான ஆதாரம் ஒன்றைக் கொண்டுவந்தால் அந்தத் தண்டனை இல்லை. சற்று நேரத்தில் ஹுத்ஹுத் வந்து, ஸபா நாட்டைப் பற்றிய செய்தியைச் சொல்கிறது. அதைக் கேட்ட ஸுலைமான் (அலை) அவர்கள் உடனே ஏற்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. நீ சொல்வது உண்மையா பொய்யா என்று பார்ப்போம் என்று கூறி, ஒரு கடிதத்தைக் கொடுத்து அதைச் சோதிக்கிறார்கள்.

வரவு பார்ப்பதும் ஒழுங்கை நிலைநாட்டுவதும் தண்டிப்பதும் ஆட்சியாளரின் உரிமை. காரணத்தைக் கேட்பதும் சொல்லப்பட்டதை விசாரித்து அறிவதும் அவரது பொறுப்பு. ஒரு பேரரசரின் முன் ஒரு சிறு பறவைக்கும் தன் விளக்கத்தைச் சொல்ல இடமிருந்தது. பல்கலைக்கழகத்துக்கும் மாணவிக்கும் இடையிலான உறவின் சாரம் முழுவதையும் இச்சம்பவத்தில் காண்கிறேன். அதிகாரம் என்பது அமானிதம். எந்த நோக்கத்துக்காக அது தரப்பட்டதோ அந்த நோக்கத்துக்காகவும், நீதியான முறையிலும் மட்டுமே அதனைப் பயன்படுத்தலாம்.

பல்கலைக்கழகத்தின் உரிமைகள்

எமது நாட்டின் அரச பல்கலைக்கழகங்கள் 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டத்தின் கீழ் இயங்குகின்றன. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவும் இதே சட்டத்தின் கீழேயே அமைக்கப்பட்டது. நிருவாக விடயங்களைப் பேரவையும், கல்வி விடயங்களை மூதவையும் கவனிக்கின்றன. உபவேந்தர் பிரதான நிறைவேற்று அதிகாரியாக இருக்கிறார்.

எதைக் கற்பிப்பது, எவ்வாறு பரீட்சிப்பது, யார் பட்டத்துக்குத் தகுதியானவர் என்பவற்றைத் தீர்மானிக்கும் உரிமை பல்கலைக்கழகத்துக்கு உண்டு. ஒரு விடைத்தாளுக்கு எத்தனை புள்ளி என்ற கல்விசார் மதிப்பீட்டில் நீதிமன்றங்கள்கூட இலகுவில் தலையிடுவதில்லை. பல பீடங்கள் பரீட்சைக்குத் தோற்றுவதற்கு 80 வீத வரவைக் கேட்கின்றன. பரீட்சை மோசடி செய்தவரையும், பிறருக்குத் தீங்கு செய்தவரையும் விசாரித்துத் தண்டிக்கும் உரிமையும் பல்கலைக்கழகத்துக்கு இருக்கிறது. இந்த உரிமைகள் இல்லாவிட்டால் நீங்கள் பெறும் பட்டத்துக்கு மதிப்பே இருக்காது.

ஆனால் யாரை அனுமதிப்பது என்ற உரிமை எமது நாட்டில் பெரும்பாலும் தனித்தனிப் பல்கலைக்கழகங்களிடம் இல்லை. பட்டப்படிப்புகளுக்கான தெரிவை மானியங்கள் ஆணைக்குழுவே செய்கிறது. பெரும்பாலான பாடநெறிகளில் 40 வீத இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகின்றன.

அனுமதியிலும் நீதி தவறினால் கேள்வி கேட்கலாம் என்பதற்கு அண்மைக்கால உதாரணம் ஒன்று உண்டு. 2011ஆம் ஆண்டு உயர்தரப் பரீட்சையில் பழைய பாடத்திட்டத்தில் எழுதியவர்களும் புதிய பாடத்திட்டத்தில் எழுதியவர்களும் இருந்தனர். இரு சாராரையும் ஒன்றாகச் சேர்த்து இசட் புள்ளி கணிக்கப்பட்டது. மாணவர்கள் உயர் நீதிமன்றத்தை நாடினர். இரு சாராருக்கும் வெவ்வேறாகக் கணிக்க வேண்டும் என 2012இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கணக்கிட்டவர்கள் நிபுணர்கள், கேள்வி கேட்டவர்கள் பாடசாலையை விட்டு அப்போதுதான் வெளியே வந்த பிள்ளைகள் என்பதைக் கவனியுங்கள்.

முதற் பொறுப்பு பாதுகாப்பு

பல்கலைக்கழகத்தின் பொறுப்புகளில் கற்பித்தலே முதன்மையானது என்று நாம் நினைப்போம். ஆனால் அச்சத்தில் இருக்கும் ஒருவருக்கு எதையும் கற்பிக்க முடியாது. எமது சமூகத்துக்கு இது வரலாறு கற்றுத்தந்த பாடம். ஒலுவிலில் அமைந்துள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகம் 1995 ஒக்டோபரில் பல்கலைக்கழகக் கல்லூரியாக ஆரம்பமாகி, 1996இல் முழுமையான பல்கலைக்கழகமானது. போர்ச் சூழலால் வடக்கு கிழக்கில் தாம் கற்ற பல்கலைக்கழகங்களுக்குத் திரும்பமுடியாமற்போன மாணவர்களின் தேவை அதன் தோற்றத்துக்கு முக்கிய காரணம். மர்ஹூம் எம்.எச்.எம். அஷ்ரப் அவர்கள் அதற்காக எடுத்த முயற்சிகளை நாம் மறக்க முடியாது. பாதுகாப்பாகக் கற்கும் இடம் வேண்டும் என்ற கோரிக்கையிலிருந்தே ஒரு பல்கலைக்கழகம் பிறந்தது.

போர் முடிந்துவிட்டது. ஆனால் பகிடிவதை என்ற அச்சம் இன்னும் நீங்கவில்லை. 1997இல் பேராதனையில் பொறியியல் மாணவர் ஒருவர் பகிடிவதையின் விளைவாக உயிரிழந்தார். அதனை அடுத்து 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் கொண்டுவரப்பட்டது. கல்வி நிறுவனங்களில் பகிடிவதையையும் ஏனைய வன்முறைகளையும் தடைசெய்யும் இச்சட்டத்தின்படி, பகிடிவதை செய்தவருக்கு 2 வருடம் வரையும், அதன்போது பாலியல் தொந்தரவோ கடுங்காயமோ ஏற்படுத்தியவருக்கு 10 வருடம் வரையும் கடூழியச் சிறைத்தண்டனை விதிக்கலாம். உடலில் காயம் இருந்தால்தான் பகிடிவதை என்று நினைக்க வேண்டாம். மாணவர் ஒருவருக்கு உளப் பாதிப்பையோ மன வேதனையையோ அச்சத்தையோ ஏற்படுத்தும் செயலும் அச்சட்டத்தின் வரைவிலக்கணத்துக்குள் அடங்கும்.

ஆகவே, சிரேஷ்ட மாணவர்கள் சொல்லும் நிறத்தில் உடை உடுக்க வேண்டும், பர்தாவை அவர்கள் விரும்பும் விதத்தில் அணிய வேண்டும், குறிப்பிட்ட வழியால் மட்டுமே நடக்க வேண்டும் என்று பயமுறுத்துவதை 'அது அங்கத்தைய வழக்கம்' என்று ஏற்றுக்கொள்ளத் தேவையில்லை. பல்கலைக்கழகமும் அதனை 'மாணவர்களுக்கு இடையிலான விடயம்' என்று ஒதுக்கிவிட முடியாது. மாணவ ஆலோசகர்கள், விடுதிப் பொறுப்பாளர்கள், பீடாதிபதி, உபவேந்தர் என்று ஒவ்வொரு படியிலும் முறைப்பாட்டைப் பெறும் பொறுப்புடையவர்கள் இருக்கிறார்கள். மானியங்கள் ஆணைக்குழுவுக்கும் நேரடியாக முறையிடலாம். பொலிஸுக்கும் போகலாம்.

ஏனைய பொறுப்புகள்

பாடத்திட்டத்தையும் மதிப்பீட்டு முறையையும் முற்கூட்டியே அறிவிப்பது பல்கலைக்கழகத்தின் பொறுப்பு. ஒப்படைக்கு எத்தனை புள்ளி, இறுதிப் பரீட்சைக்கு எத்தனை புள்ளி என்பது பாடத்தின் ஆரம்பத்திலேயே மாணவிக்குத் தெரிய வேண்டும். இடையில் விதியை மாற்றி, அதனால் ஏற்படும் நட்டத்தை மாணவியின் தலையில் கட்டுவது நீதியாகாது. உரிய காலத்தில் விரிவுரைகளை முடிப்பதும் பெறுபேறுகளை வெளியிடுவதும் சலுகைகள் அல்ல. நான்கு வருடப் பட்டம் ஐந்தரை வருடமாக நீளும்போது, கூலி வேலை செய்து மகளைப் படிக்கவைக்கும் தந்தைக்கு அந்த ஒன்றரை வருடத்தின் பெறுமதி என்னவென்று நிருவாகம் உணர வேண்டும்.

மார்க்க விடயத்தில் ஒரு வார்த்தை. எமது அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரை சிந்தனை, மனச்சாட்சி, மதச் சுதந்திரத்தையும், 14(1)(உ) என்ற இடத்தில் தமது மதத்தைப் பின்பற்றி ஒழுகும் சுதந்திரத்தையும் தருகிறது. பரீட்சை மண்டபத்தில் ஆளடையாளத்தை உறுதிசெய்வது பரீட்சை நடத்துபவர்களின் உரிமை. அதனை ஒரு பெண் அலுவலரைக் கொண்டு கண்ணியமாகச் செய்ய முடியும். இவ்விரண்டும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல. 2024இல் திருகோணமலையைச் சேர்ந்த எமது சகோதரிகள் பலரின் உயர்தரப் பெறுபேறுகள், பரீட்சை மண்டபத்தில் காதுகளை மறைத்திருந்தார்கள் என்ற காரணத்தால் தாமதிக்கப்பட்டுப் பின்னர் வெளியிடப்பட்டன. சந்தேகம் இருந்தால் மண்டபத்திலேயே முறைப்படி பார்த்துத் தீர்ப்பதுதான் நீதி. மாதங்கள் கழிந்தபின் பெறுபேற்றைத் தடுத்துவைப்பதனால் குற்றமற்றவளும் தண்டிக்கப்படுகிறாள்.

கேட்காமல் தீர்ப்பில்லை

ஒழுக்காற்று விசாரணை என்ற விடயத்துக்கு வருகிறேன். பல்கலைக்கழகத்தின் உரிமையும் பொறுப்பும் நேருக்கு நேர் சந்திக்கும் இடம் இதுதான்.

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் ரிச்சட் பென்ட்லி என்ற பெரும் கல்விமானின் பட்டங்களை, அவரது தரப்பைக் கேட்காமலேயே பறித்தது. 1723இல் நீதிமன்றம் அது செல்லாது என்றது. அவ்வழக்கில் நீதிபதி ஒருவர் சொன்ன நியாயம் புகழ்பெற்றது. ஆதமைக்கூட இறைவன் விசாரித்த பின்னரே வெளியேற்றினான் என்பதே அதன் கருத்து. எமக்கு இது புதிய செய்தியல்ல. ஸூரா அல்அஃராபில் ஆதம், ஹவ்வா (அலை) இருவரிடமும் அல்லாஹ் கேட்கிறான். அதற்கு முன் ஸுஜூது செய்ய மறுத்த இப்லீஸிடமும் ஏன் மறுத்தாய் என்று கேட்கிறான். அனைத்தையும் அறிந்தவனுக்குக் கேட்கத் தேவையில்லை. எனினும் கேட்டான். நபி (ஸல்) அவர்கள் அலி (ரழி) அவர்களை யமனுக்கு நீதிபதியாக அனுப்பியபோதும், ஒருவர் சொல்வதைக் கேட்டதோடு நின்றுவிடாமல் மற்றவரையும் கேட்ட பின்னரே தீர்ப்பளிக்குமாறு அறிவுரை கூறினார்கள்.

அமெரிக்காவில் 1960இல் அலபாமா மாநிலக் கல்லூரியின் கறுப்பின மாணவர்கள், மொன்ட்கொமரி நகர நீதிமன்றக் கட்டடத்திலிருந்த சிற்றுண்டிச்சாலையில் தமக்கும் உணவு பரிமாற வேண்டும் என்று கேட்டு அமர்ந்தார்கள். விசாரணை எதுவுமின்றி ஒன்பது பேர் கல்லூரியிலிருந்து நீக்கப்பட்டனர். 1961இல் மேன்முறையீட்டு நீதிமன்றம், அரச பணத்தில் நடக்கும் கல்லூரி ஒன்று குற்றச்சாட்டை அறிவித்து, மாணவரின் பதிலைக் கேட்காமல் அவரை நீக்க முடியாது என்றது. தந்தை பிள்ளையைத் தண்டிப்பதுபோல நாம் தண்டிப்போம் என்று நிறுவனங்கள் கூறிவந்த பழைய வாதம் இத்தோடு ஆட்டங்கண்டது.

எமது நாட்டிலும் இவ்விடயத்தில் உலகம் முழுவதும் சட்ட மாணவர்கள் படிக்கும் ஒரு வழக்கு உண்டு. அது இலங்கைப் பல்கலைக்கழகம் எதிர் பெர்னாண்டோ என்ற வழக்கு. 1952இல் விஞ்ஞான இறுதிப் பரீட்சைக்குத் தோற்றிய மாணவர் ஒருவர், விலங்கியல் வினாத்தாளில் மொழிபெயர்ப்புக்கு வந்த ஜேர்மன் மொழிப் பந்தியை முற்கூட்டியே அறிந்திருந்தார் எனச் சக மாணவி ஒருவர் முறையிட்டார். அப்போதைய உபவேந்தர் சேர் ஐவர் ஜெனிங்ஸ் தலைமையிலான மூவர் குழு விசாரித்தது. அந்த மாணவி சாட்சியம் சொன்னபோது குற்றஞ்சாட்டப்பட்டவர் அங்கு இருக்கவில்லை. குற்றம் உறுதியானது என்று முடிவாகி, அவர் பல்கலைக்கழகப் பரீட்சைகள் அனைத்திலிருந்தும் காலவரையறையின்றி இடைநிறுத்தப்பட்டார்.

மாணவர் வழக்குத் தொடுத்தார். மாவட்ட நீதிமன்றத்தில் தோற்றார். இலங்கை உயர் நீதிமன்றத்தில் வென்றார். பல்கலைக்கழகம் லண்டனிலிருந்த கோமறைக் கழகத்துக்குப் போனது. 1960இல் அங்கு பல்கலைக்கழகம் வென்றது.

அத்தீர்ப்பிலிருந்து இரண்டு பாடங்களை நான் எடுத்துக்கொள்கிறேன். முதலாவது பல்கலைக்கழகங்களுக்கு உரியது. தன்மீதுள்ள குற்றச்சாட்டு என்னவென்று மாணவர் அறிய வேண்டும். தன் தரப்பைச் சொல்ல அவருக்குப் போதிய சந்தர்ப்பம் தரப்பட வேண்டும். விசாரிப்பவர்கள் நேர்மையான எண்ணத்தோடு செயற்பட வேண்டும். வழக்கில் வென்ற பல்கலைக்கழகமும் இந்த மூன்றையும் நிறைவேற்றியதாகக் காட்டித்தான் வெல்ல முடிந்தது.

இரண்டாவது பாடம் உங்களுக்கு உரியது. முறையிட்ட மாணவியிடம் குறுக்குக் கேள்வி கேட்கச் சந்தர்ப்பம் கிடைக்கவில்லை என்பது அந்த மாணவரின் பிரதான வாதம். கோமறைக் கழகம் அதற்குச் சொன்ன பதில், அவர் அப்படி ஒரு சந்தர்ப்பத்தைக் கேட்கவே இல்லை என்பதாகும். கேட்டு, மறுக்கப்பட்டிருந்தால் அவரது வாதம் மிக வலுவாக இருந்திருக்கும் என்ற கருத்தும் அத்தீர்ப்பில் உண்டு. கேட்காத உரிமை கையில் இருந்தும் இல்லாததற்குச் சமம்.

மாணவி செய்யவேண்டியவை

எமது பிள்ளைகளை நாம் அடக்கமாக வளர்க்கிறோம். அது நல்லது. ஆனால் அடக்கம் வேறு, வாய்மூடி இருப்பது வேறு. ஹுத்ஹுத் பேரரசரின் முன் நின்று, நீங்கள் அறியாத ஒன்றை நான் அறிந்து வந்திருக்கிறேன் என்று சொன்னது. அதில் மரியாதைக் குறைவு எதுவும் இருக்கவில்லை. பின்வரும் விடயங்களை மனதில் வைத்திருங்கள்.

1. பதிவு செய்யும் நாளிலேயே பீடத்தின் கைநூலையும் ஒழுக்காற்று விதிகளையும் பெற்று வாசியுங்கள். வரவு, மருத்துவச் சான்றிதழ் சமர்ப்பிக்கும் காலம், பெறுபேற்றை மீளாய்வு செய்யும் முறை ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள்.

2. கோரிக்கையையும் முறைப்பாட்டையும் எழுத்தில் கொடுங்கள். திகதி இடுங்கள். பிரதி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

3. உங்கள்மீது குற்றச்சாட்டு வந்தால், அதை எழுத்தில் தருமாறும், ஆதாரங்களைக் காட்டுமாறும், சாட்சியிடம் கேள்வி கேட்க இடம் தருமாறும் மரியாதையாகக் கேளுங்கள். மறுத்தால், மறுத்ததைப் பதிவுசெய்யுங்கள்.

4. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் பல்கலைக்கழகங்களுக்கும் பொருந்தும். தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் உங்கள் கோரிக்கை பற்றித் தீர்மானிக்க வேண்டும். இரகசியமாகப் பேணவேண்டிய பரீட்சைத் தகவல்கள் போன்ற சில விதிவிலக்குகள் உண்டு.

5. அரச பல்கலைக்கழகம் ஒன்று உங்கள் அடிப்படை உரிமையை மீறினால், அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றத்தில் மனு செய்யலாம். ஆனால் ஒரு மாதத்துக்குள் செய்ய வேண்டும். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கு விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் கணக்கில் சேராது. வீட்டில் அழுதுகொண்டு இரண்டு மாதங்களைக் கழித்துவிட்டால் வழி அடைபட்டுவிடும்.

இவற்றோடு உங்கள் கடமையையும் மறக்க வேண்டாம். இலவசக் கல்வியின் செலவை நாட்டு மக்கள் அனைவரும் சுமக்கிறார்கள். கடையில் ஒரு பெட்டி தீப்பெட்டி வாங்கும் ஏழைத் தாயும் வரி செலுத்துகிறாள். விரிவுரைக்குப் போகாமல் வரவு கேட்பதும், பிறர் எழுதிய ஒப்படையைத் தன்னுடையது என்று கொடுப்பதும் அந்தத் தாய்க்குச் செய்யும் துரோகம். அடுத்த வருடம் நீங்களே சிரேஷ்ட மாணவியாக ஆகும்போது, புதிதாக வரும் பிள்ளை உங்களைக் கண்டு அஞ்சுகிறாளா, உங்களிடம் வழி கேட்கிறாளா என்பதும் உங்கள் கடமைக்குள் அடங்கும்.

ஸுலைமான் (அலை) அவர்கள் ஹுத்ஹுதின் விளக்கத்தைக் கேளாமல் அதைத் தண்டித்திருந்தால், ஸபாவின் அரசி நேர்வழி பெற்ற வரலாறு அந்த இடத்திலேயே நின்றிருக்கும். கேட்டதனால் நன்மையடைந்தது பறவை மட்டுமல்ல, ஆட்சியாளரும் ஒரு நாட்டு மக்களுமே. மாணவியின் குரலுக்குச் செவிகொடுக்கும் பல்கலைக்கழகமும் அவ்வாறே நன்மையடையும். அந்தக் குரலை மரியாதையோடும் ஆதாரத்தோடும் உரிய காலத்திலும் எழுப்புவது உங்கள் பொறுப்பு.